ராஸ்பெர்ரி பை ஃபைல் சர்வர், ஏ.ஆர்.எம். லேப்டாப்: எந்த ஆன்டிவைரஸ்?

இரண்டுஜிபி:
வணக்கம். நாலு பேர் வேலை செய்கிற கணக்கு அலுவலகம். ஃபைல் சர்வராக ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, ரேம் 2 ஜி.பி., 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். (லினக்ஸ்), விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர சம்பா. ஃபைல்கள் 1 டி.பி. யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.யில். மூன்று கணினிகள் வழக்கமான இன்டெல் விண்டோஸ். நாலாவது புதிதாக வாங்கிய ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப் (இன்டெல் அல்ல, ஏ.ஆர்.எம். வகைச் சிப்), விண்டோஸ் 11.

பிரச்சினை இரண்டு. பையில் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் போட்டாச்சு, ஆனால் அதில் பின்னணியில் ஓட வேண்டிய கிளாம்டி ஒரு நாள்கூட ஓடாமல் நின்றுவிடுகிறது. லேப்டாப்பில், லைசென்ஸ் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிவைரஸின் இன்ஸ்டாலர் பாதியிலேயே மறுக்கிறது. லினக்ஸ் பெட்டிக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா? லேப்டாப்புக்கு எதை வாங்குவது?

கம்பித்தட்டு:
கிளாம்டியில் கோளாறு இல்லை, ரேம் போதவில்லை. கர்னல் (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதி) லாக்கைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரியும் அதை ஒட்டி கிளாம்டியின் பெயரும் இருக்கும். வைரஸ் கையொப்பங்களை (வைரஸை அடையாளம் காட்டும் தகவல்களை) ஏற்றி வைக்கவே அதற்கு 1 ஜி.பி.க்கு மேல் வேண்டும். கிளாம்ஏவியின் சொந்த ஆவணமே 3 ஜி.பி.க்குக் குறையாமல் கேட்கிறது. புது கையொப்பம் வந்ததும் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும், அந்த நேரத்தில் தேவை இரண்டு மடங்காகும். உங்களுடையது விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

கிளாம்டி அமைப்பு ஃபைலில் கன்கரன்ட்டேட்டாபேஸ்ரீலோட் என்பதை "நோ" ஆக்கினால் அந்த இரட்டிப்பு நிற்கும். ஏற்றி முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும், அவ்வளவுதான். கையொப்பங்களை இறக்கும் ஃப்ரெஷ்கிளாமும் இறக்கியதைச் சோதிக்க ஒரு தடவை முழுக்க ஏற்றிப் பார்க்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் 2 ஜி.பி. திணறும். இதைச் சரிக்கட்ட எஸ்.டி. கார்டில் ஸ்வாப்பை (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் இடத்தை) பெருக்காதீர்கள், கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

என் யோசனை: இந்தப் பையில் கிளாம்டியை நிறுத்திவிட்டு, இரவு 1 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) கிளாம்ஸ்கேன் மட்டும் ஓட்டுங்கள், அது கூப்பிடும்போது மட்டும் ஓடி முடியும் ஸ்கேனர். ஆனால் அது ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் கையொப்பம் அத்தனையையும் புதிதாக ஏற்றும். அதனால் ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளையின் எக்ஸெக் வழியாக ஃபைலுக்கு ஒரு தடவை கூப்பிட்டால் விடிந்தாலும் முடியாது. கடைசி ஒரு நாளில் மாறியவற்றின் பட்டியலை ஃபைண்டால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, ஃபைல்லிஸ்ட் ஆப்ஷனில் ஒரே தடவையாகக் கொடுங்கள். ஞாயிறு இரவில் முழு ஸ்கேன் அவசியம்: போன வாரம் சுத்தம் என்று கடந்துபோன ஃபைலின் கையொப்பம் இந்த வாரம்தான் வந்திருக்கலாம்.

ஸ்கிரிப்டில் திரும்பி வரும் எண்ணையும் பாருங்கள். 0 என்றால் சுத்தம், 1 என்றால் வைரஸ், 2 என்றால் பிழை. 2 வந்ததைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

எட்டுபிட்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த ஸ்கேன் பிடிப்பது, உங்கள் பகிர்வு ஃபோல்டரில் சும்மா கிடக்கும் விண்டோஸ் வைரஸை. அது பையில் ஓடாது. இன்டெல் கணினிகளுக்குப் பரவாமல் தடுக்கத்தான் தேடுகிறோம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை இது நிறுத்தாது. ஃபைல்களைப் பூட்டும் வேலை விண்டோஸ் கணினியில் நடக்கிறது. பைக்கு அது அனுமதியுள்ள பயனர் ஃபைலைச் சேமிப்பது போலத்தான் தெரியும். அதற்கு மருந்து பேக்கப்தான். இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில் இருக்கட்டும். விருந்தினர் எழுத்து அனுமதியை எடுத்துவிடுங்கள். பழைய ஆண்டுக் கணக்குகளைப் படிக்க மட்டும் என்று வையுங்கள்.

ஏ.ஆர்.எம். என்பதால் பை தப்பித்தது என்றும் நினைக்காதீர்கள். 2017-இல் வந்த லினக்ஸ் மல்டிராப் 14 குறிவைத்ததே ராஸ்பெர்ரி பைகளைத்தான்: மாற்றாமல் விட்ட "பை" பயனர், "ராஸ்பெர்ரி" கடவுச்சொல் வழியாக நுழைந்து, கிரிப்டோ நாணயம் தோண்டியது. அந்த இயல்புநிலைப் பயனரை 2022 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். பழைய இமேஜில் நிறுவியிருந்தால் இன்றே மாற்றுங்கள். வேறு கணினியிலிருந்து உள்நுழையும் எஸ்.எஸ்.எச்.சுக்கு, கடவுச்சொல் வேண்டாம், சாவி ஃபைல் மட்டும் போதும். ரூட்டரில் எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டாம்.

நள்ளிரவுகிரான்:
லேப்டாப் பற்றி. ஏ.ஆர்.எம். விண்டோஸ் 11, இன்டெல்லுக்கு எழுதிய சாதாரண மென்பொருளை எமுலேஷனில் (மொழிபெயர்த்து) ஓட்டும். கர்னல் டிரைவரை ஓட்டாது. ஆன்டிவைரஸுக்கு உயிரே ஃபைல் திறப்பதை இடைமறிக்கும் கர்னல் டிரைவர்தான், அதனால் ஏ.ஆர்.எம். 64க்கெனத் தொகுத்த டிரைவர் இல்லாத எதுவும் அங்கே வேலைக்கு ஆகாது. உங்கள் இன்ஸ்டாலர் மறுத்தது நல்லதுதான். சில இன்ஸ்டாலர்கள் மறுக்காமல் திரையை மட்டும் நிறுவிவிட்டு, "பாதுகாப்பு முடக்கம்" என்று உட்கார்ந்திருக்கும்.

நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஏ.ஆர்.எம்.மில் எமுலேஷன் இல்லாமல் நேட்டிவாகவே ஓடுகிறது. கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புக்குள் போய், கட்டுப்படுத்திய ஃபோல்டர் அணுகலை இயக்குங்கள். கணக்கு மென்பொருள் சேமிக்க முடியாமல் தடுமாறினால் அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்; முதல் வாரம் இந்தத் தொல்லை இருக்கும்.

வேறு எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், விற்பவரிடம் "விண்டோஸ் 11-இல் ஓடுமா" என்று கேட்காதீர்கள், "ஏ.ஆர்.எம். 64 பதிப்பு உண்டா" என்று கேளுங்கள். ஈசெட்டில் உண்டு. நிறுவியபின் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஆர்க்கிடெக்சர் பத்தியைச் சேர்த்து, அதன் சர்வீஸுக்கு நேரே ஏ.ஆர்.எம். 64 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டுஜிபி:
நன்றி. கிளாம்டியை நிறுத்திவிடுகிறேன். இரவு ஸ்கேன் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பிடித்ததை அழிக்கச் சொல்லலாமா?

கம்பித்தட்டு:
அழிக்கச் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் அனுப்பிய மேக்ரோ எக்செல் தவறாக மாட்டினால் திரும்ப வராது. மூவ் ஆப்ஷனில் பகிர்வுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள்.

சோதனைக்கு 68 எழுத்துள்ள ஐகார் ஃபைல், ஆன்டிவைரஸைச் சோதிக்கவென்றே உள்ளது, அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அதை பையிலேயே உருவாக்குங்கள். விண்டோஸில் இறக்கினால் டிஃபெண்டர் முதலில் பிடித்துவிடும். ஒன்றைத் தனியாகவும் ஒன்றை ஜிப்புக்குள்ளும் வையுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன்: புதிய பதிப்புகளில் 100 எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைலை கிளாம்ஸ்கேன் பார்க்காமலே "ஓகே" போட்டுவிடும். மெயில்களைச் சேர்த்து வைக்கும் அவுட்லுக் பி.எஸ்.டி. ஃபைல்கள் இப்படித்தான் நழுவும். அலர்ட்எக்ஸீட்ஸ்மேக்ஸ் ஆப்ஷனை "யெஸ்" ஆக்கினால் விட்டுப்போனவை அறிக்கையில் வரும். 2 ஜி.பி. ரேமில் அந்த வரம்பைக் கண்டபடி உயர்த்தாதீர்கள், மறுபடி மெமரிதான் தீரும்.