ஜெர்மனியில் முல்லர் என்ற குடும்பப்பெயர் முதலிடம் பிடித்தது எப்படி?

நெய்தல்நிலன்:
வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் நான் பணியாற்றும் அலுவலகத்தில் முல்லர் என்ற குடும்பப்பெயர் உடையவர்கள் பலர் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களுக்குள் எந்த உறவும் இல்லை. மாவாலை நடத்தியவரைக் குறித்த தொழிற்பெயர் இது என்பதை அறிவேன். ஓர் ஊரில் உழவர்கள் நூறு பேர் இருந்திருப்பார்கள், மாவாலைக்காரர் ஒருவரோ இருவரோதான். அப்படியிருக்க, நாட்டிலேயே மிகுதியான குடும்பப்பெயராக இது ஆனது ஏன்? அமெரிக்காவின் மில்லர்கள் எல்லாரும் இங்கிருந்து போனவர்கள்தானா?

குறிஞ்சித்தேன்:
ஊருக்கு ஒருவர் என்பதே காரணம், நண்பரே. ஜெர்மன் நிலப்பகுதியில் குடும்பப்பெயர்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் மேற்கு, தெற்கு நகரங்களில் வேரூன்றி, அடுத்த சில நூற்றாண்டுகளில் சிற்றூர்களுக்கும் பரவின. ஒரே ஞானஸ்நானப் பெயரைப் பலர் தாங்கிய காலத்தில், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட உதவிய அடையாளமே பெயராக நிலைத்தது. எல்லாரும் உழும் ஊரில் 'உழவர் ஹான்ஸ்' என்றால் யாரென்று விளங்காது. 'மாவாலைக்கார ஹான்ஸ்' என்றால் ஐயத்துக்கே இடமில்லை. நீரோடை உள்ள ஊர்களிலெல்லாம் மாவாலை இருந்ததால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான இடங்களில் இப்பெயர் தனித்தனியே பிறந்தது. உங்கள் அலுவலகத்து முல்லர்கள் உறவினராக இல்லாததில் வியப்பில்லை.

அந்த ஆலைக்காரரை ஊர் முழுவதும் அறிந்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலப்பிரபு குறிப்பிட்ட ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் பல பகுதிகளில் இருந்தது. அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் அது 1810இல்தான் நீங்கியது. கூலியாக அரைத்த தானியத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதால், அளவில் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம் அவரை விடாமல் தொடர்ந்தது. சில ஊர்களில் கைவினைச் சங்கங்கள் அவருடைய பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. அப்படி விலக்கக் கூடாது என்று அன்று ஜெர்மன் நிலப்பகுதியை உள்ளடக்கியிருந்த புனித ரோமானியப் பேரரசின் 1548ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாளர், நாவிதர் ஆகியோரோடு இவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது. இழிவாகக் கருதப்பட்ட ஒரு தொழிலின் பெயரே இன்று அந்நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

வேங்கைமரம்:
மேலே சொன்னது சரி. ஆனால் 'முதலிடம்' என்பதைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் என்ற பெயரை நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். கொலோன் பகுதியில் அது ஷ்மிட்ஸ் ஆகிறது. அவற்றை ஒன்றாகக் கூட்டினால் கொல்லர்கள் முல்லர் என்ற ஒற்றை வடிவத்தை முந்திவிடுவார்கள். முல்லருக்கும் வட ஜெர்மனியில் மொல்லர் என்ற வடிவம் உண்டு. சுவிட்சர்லாந்திலும் முல்லரே முதலிடத்தில் இருக்க, ஆஸ்திரியாவில் அந்த இடம் பள்ளமான நிலத்தில் குடியிருந்தவரைக் குறிக்கும் குரூபருக்குப் போகிறது. மலைநாட்டில் வீடு அமைந்த இடத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம் வலுவாக இருந்தது. ஹங்கேரியின் மோல்னார், உக்ரைனின் மெல்னிக், நெதர்லாந்தின் முல்டர் ஆகியவையும் இதே தொழிலைச் சொல்பவைதாம்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, எல்லாரும் ஜெர்மனியிலிருந்து போனவர்கள் அல்லர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மில்லர் ஏழாம் இடத்தில், ஏறத்தாழ 11.6 லட்சம் பேருடன் உள்ளது. இவர்களில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வழியினரும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்து பெயரை ஆங்கில வடிவில் மாற்றிக்கொண்ட முல்லர்களின் வழியினரும் உண்டு. ஒஹாயோவில் பழைய வாழ்க்கைமுறையைக் கைவிடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடையே மில்லர் மிகப் பரவலாக இருப்பது இந்த இரண்டாம் வழியில் வந்தது.

நெய்தல்நிலன்:
இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பொதுவான பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் தம் முன்னோரைத் தேட முடியுமா?

குறிஞ்சித்தேன்:
பெயரை மட்டும் வைத்துத் தேட முடியாது. எந்த ஊர், எந்தத் திருச்சபை என்பது தெரிந்தால், பல இடங்களில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதப்பட்டுவரும் தேவாலயப் பதிவேடுகளில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லலாம். இந்தியவியல் அறிஞர் மாக்ஸ் முல்லரே தம் குடும்பப்பெயர் மிகப் பொதுவானது என்று கருதித்தான் 'மாக்ஸ்' என்பதையும் அதனோடு சேர்த்துக்கொண்டார்.