மின்சுற்றுப் படங்களை ஆவணத்துக்குள் எழுதுவதா, வெளியே வரைந்து சேர்ப்பதா?

அல்சூர் ஆசிரியை:

பெங்களூரு அல்சூரில் வார இறுதியில் தமிழ் படிக்க வரும் குழந்தைகளுக்காக, மின்சாரம் பற்றிய 64 பக்கக் கையேடு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து ஸீலேடெக்கில் (உரையையும் அமைப்பையும் நிரலாக எழுதினால் பக்கங்களாகக் கோத்துத் தரும் லேடெக் மென்பொருளின் ஒரு வடிவம்) கோத்து வருகிறோம். சென்ற வாரம் முதல் மெய்ப்பைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, கோடுகளை ஆயத்தொலைகளாகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பாக அனுப்பிய படங்களை, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருள் ஒன்றில் திறந்து பிடிஎஃப்பாக மாற்றியிருக்கிறார்கள். "மின்னோட்டம்" என்ற சொல்லில் னகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, துணைக்காலோடு சேர்ந்து பின்னால் போய் நின்றது. இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையிடம் அந்தப் பக்கத்தை எப்படிக் கொடுப்பது?

பதறிப்போய் அதே படங்களை, பிக்சல்களால் ஆன பிஎன்ஜி கோப்புகளாக அனுப்பினோம். 600 பிக்சல் அகலமுள்ள படம் 10 செ.மீ. அகலத்தில் அச்சானபோது அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகள்தாம் கிடைத்தன. சாய்கோடுகள் எல்லாம் படிக்கட்டுகளாகத் தெரிந்தன. ஆகவே அட்டவணை, "செய்து பார்" பெட்டி, படம் ஆகிய மூன்றையும் ஆவணத்துக்குள்ளேயே நிரலாக எழுதிவிட வேண்டும், படங்களுக்கு, நிரலாலேயே வரைய உதவும் டிக்ஸ் தொகுப்பு போதும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் வரைகலைஞர்:

ஆசிரியை அம்மாவின் வருத்தம் நியாயமானது, முடிவுதான் சரியில்லை. தவறு வெளியே வரைந்ததில் இல்லை. எஸ்விஜியை அப்படியே கைமாற்றியதில் இருக்கிறது. லேடெக் எஸ்விஜியை நேரடியாக ஏற்பதில்லை, இடையில் யாராவது மாற்றித்தான் தீர வேண்டும். அந்த மாற்றத்தை வரைந்தவரே தம் கணினியில் செய்து பிடிஎஃப்பாகக் கொடுத்திருந்தால், கோடுகள் ஆயத்தொலைகளாகவே பாதுகாக்கப்பட்டு, எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கூர்மை குறைந்திருக்காது. எழுத்துகளையும் கோட்டுருவாக, அதாவது வெறும் வெளிக்கோடுகளாக, மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் எந்தக் கொம்பும் இடம் மாறாது.

டிக்ஸில் மின்கலமும் மின்தடையமும் வரையலாம், ஒப்புக்கொள்கிறேன். பேட்டரியைப் பிடித்திருக்கும் குழந்தையின் கையை, விரல் மடிப்புகளோடு, எண்களாக எழுதி யார் வரைவது? நிரல் தெரியாத ஓவியர்கள்தாம் உங்களுக்கு இலவசமாக வரைந்து தருகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அல்சூர் ஆசிரியை:

கோட்டுருவாக மாற்றினால் அது எழுத்தாக இருப்பதில்லை, எழுத்தின் படமாகிவிடுகிறது. தேடினால் கிடைக்காது, திருத்தவும் முடியாது. மின்தடை என்பது பண்பு, மின்தடையம் என்பது கருவி. 14 படங்களில் நாங்கள் கருவிக்குப் பண்பின் பெயரை எழுதியிருந்தோம். நிரலாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு, 14 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொரு குறையும் உண்டு. 10 புள்ளி (அச்சில் எழுத்தையும் கோட்டையும் அளக்கும் அலகு) அளவில் எழுதிய பெயர், படத்தை 60 விழுக்காடாகச் சுருக்கியதும் 6 புள்ளியாகிவிடுகிறது. பக்கத்துப் படம் சுருக்கப்படாததால் அங்கே 10 புள்ளியாகவே நிற்கிறது. ஒரே பக்கத்தில் "மின்கலம்" என்ற சொல் மூன்று அளவுகளில் வருவதைப் பார்க்கவே கண் கூசுகிறது.

காட்டன்பேட்டை அச்சுக்கோப்பாளர்:

இருவரும் படத்தையும் படத்தில் உள்ள எழுத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கிறீர்கள். கோடு எங்கே வரையப்பட்டாலும் கவலையில்லை. எழுத்தை மட்டும், நூலின் மற்ற எழுத்துகளைக் கோக்கும் அதே கருவிதான் கோக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது, எழுத்துகளை விலக்கிவிட்டு அவற்றுக்கென ஒரு லேடெக் கோப்பை உருவாக்கும் தெரிவு இருக்கிறது. கோடுகள் பிடிஎஃப்பில் இருக்கும். பெயர்கள் அந்தச் சிறு கோப்பில் சாதாரண உரையாக இருக்கும். ஓவியர் தம் விருப்பப்படி வரையலாம், ஆசிரியை தம் விருப்பப்படி திருத்தலாம், படத்தைச் சுருக்கினாலும் எழுத்தின் அளவு மாறாது.

படத்தைவிட எனக்குக் கவலை தருபவை உங்கள் பெட்டிகள். அனுப்பிய பக்கங்களில் ஒவ்வொரு பெட்டியும் வலது ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. உரையின் முழு அகலத்துக்கு ஒரு மினிபேஜ் (பக்கத்துக்குள் ஒரு சிறு பக்கம்) அமைத்து, அதை எஃப்பாக்ஸ் என்ற கோடுபோட்ட சட்டத்துக்குள் வைத்திருக்கிறீர்கள். எஃப்பாக்ஸ் தன் பங்குக்கு இரு புறமும் 3 புள்ளி இடைவெளியும் 0.4 புள்ளிக் கோடும் சேர்க்கும், மொத்தம் 6.8 புள்ளி, அதாவது 2.4 மி.மீ. போதாக்குறைக்குப் பத்தியின் முதல் வரி உள்ளொடுக்கமும் பெட்டியை வலப்புறம் தள்ளுகிறது. அதோடு எஃப்பாக்ஸ் இரண்டு பக்கங்களுக்குப் பிரியாது. அதனால்தான் 17ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடக்கிறது. பக்கம் தாண்டிப் பிரியும் பெட்டிக்கு டீகலர்பாக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

டொனால்ட் நூத் 1978இல் உருவாக்கிய, லேடெக்குக்கு அடித்தளமான டெக்கின் அடிப்படையே பெட்டியும், பெட்டிகளுக்கிடையே நீண்டு சுருங்கும் இடைவெளியான பசையும்தான். ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு பெட்டி. நீங்கள் சேர்க்கும் படமும் அகலமும் உயரமும் உள்ள ஒரு பெரிய எழுத்துதான். உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மல்லேஸ்வரம் வரைகலைஞர்:

ஐயா சொன்ன முறையை நான் செய்து பார்த்திருக்கிறேன், அதில் ஓர் ஆபத்து உண்டு. என் திரையில் உள்ள எழுத்துருவும் உங்கள் நூலின் எழுத்துருவும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. "மின்விளக்கு" என்று கம்பிக்கு இடப்புறம் நான் எழுதிய பெயர், நூலில் வந்தபோது கம்பியின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

அட்டவணைகளையும் வெளியே செய்துவிடலாம் என்பது என் எண்ணம். நீளமான தமிழ்ச் சொற்கள் குறுகிய நெடுவரிசையில் அடங்காமல் லேடெக்கில் படுத்தும் பாட்டுக்கு, விரிதாளில் செய்து பிடிஎஃப்பாக ஒட்டுவது எளிது.

காட்டன்பேட்டை அச்சுக்கோப்பாளர்:

பெயர் கம்பியின் மேல் ஏறியதற்குக் காரணம், அதை இடப்புறச் சீராக, அதாவது சொல்லின் இடது முனையை நிலையாக வைத்து, எழுதியது. கம்பிக்கு இடப்புறம் நிற்கும் பெயரை வலப்புறச் சீராக எழுதுங்கள். அப்போது சொல் எவ்வளவு நீண்டாலும் கம்பியை விட்டு விலகியே வளரும்.

அட்டவணையைப் படமாக ஒட்டுவதை மட்டும் ஏற்கவே மாட்டேன். அது முழுக்க முழுக்க உரை. நீண்ட சொற்களுக்கு டேபுலார்எக்ஸ் தொகுப்பில் விரியும் நெடுவரிசையை வைத்து, அதை இடப்புறச் சீராக்கினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழுவதும் குறையும். கையேட்டில் உள்ள மின்தடைத்திறன் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி 1.59, செம்பு 1.68, நிக்ரோம் என்ற கலப்பு உலோகம் சுமார் 110, அலகு 10-இன் அடுக்கு மைனஸ் 8 ஓம் மீட்டர். இப்போது எண்கள் நடுவில் சீராக்கப்பட்டிருப்பதால் மூன்றும் ஒரே அளவுபோலத் தோன்றுகின்றன. தசமப் புள்ளிகளை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துங்கள். அப்போதுதான், இஸ்திரிப்பெட்டிக்குள் செம்புக்குப் பதில் நிக்ரோம் ஏன் இருக்கிறது என்று குழந்தை அந்த நெடுவரிசையைப் பார்த்தே கேட்கும். செங்குத்துக் கோடுகளை எடுத்துவிட்டு, மேலே ஒன்று, தலைப்பின் கீழ் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கிடைக்கோடுகள் போட்டால் போதும்.

அல்சூர் ஆசிரியை:

அட்டவணையிலும் பெட்டியிலும் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படங்களில் என் நிலையைப் பாதி மாற்றிக்கொள்கிறேன்: குறியீடுகளால் ஆன சுற்றுப்படங்கள் நிரலாகவே இருக்கும், கை, பொம்மை, வீடு போன்ற ஓவியங்கள் வெளியிலிருந்து வரட்டும். ஒன்று மட்டும் புரியவில்லை. "செய்து பார்" பெட்டிக்குள் படத்தை ஃபிகர் சூழலில் வைத்தால் பிழைச்செய்தி வருகிறது. வெளியே வைத்தால் மூன்றாவது படிக்கான படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது.

காட்டன்பேட்டை அச்சுக்கோப்பாளர்:

ஃபிகர் என்பது மிதக்கும் பொருள், இடம் கிடைக்கும் பக்கத்துக்கு நகரும். மூடிய பெட்டிக்குள் அது மிதக்க இடமில்லை. செய்முறைப் படத்துக்கு ஃபிகரே வேண்டாம். படத்தைச் சேர்க்கும் கட்டளையை மட்டும் அந்தப் படியின் கீழே எழுதுங்கள், அது சொன்ன இடத்திலேயே நிற்கும்.

மல்லேஸ்வரம் வரைகலைஞர்:

சுற்றுப்படங்களையும் ஓவியங்களையும் இரண்டு வழிகளில் செய்தால் கோட்டின் தடிமன் ஒத்துப்போகாது என்ற என் ஐயம் இன்னும் தீரவில்லை. உங்கள் டிக்ஸ் படங்களில் கோடு 0.4 புள்ளி, நான் வழக்கமாக வரைவது 1 புள்ளி. எல்லாவற்றுக்கும் 0.8 என்று வைத்துக்கொள்வோமா? அம்மா சம்மதித்தால், பேட்டரியைப் பிடித்த கையை அச்சிடும் அளவிலேயே, சுருக்கத் தேவையில்லாமல் 7 செ.மீ. அகலத்தில் வரைந்து, பெயர்களை வலப்புறச் சீராக வைத்து, இரண்டு கோப்புகளாக இன்றிரவு அனுப்புகிறேன்.

அல்சூர் ஆசிரியை:

0.8 சம்மதம். 23ஆம் பக்கத்தில் அதற்கு இடம் விட்டு வைக்கிறேன்.