திபிலீசியில் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு வங்கிக் கணக்கு கிடைக்கவில்லை

வணக்கம். ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலீசியில், சபுர்த்தாலோ பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். அமெரிக்கக் குடிமகன், ஓய்வு பெற்றவன். விசா இல்லாமலே 365 நாள் தங்கலாம் என்பதால் அதில் தொல்லையில்லை, சிக்கல் வங்கியில்தான். விண்ணப்பித்து ஒரு வாரம் கழித்து, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி மெசேஜ். காரணம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வேறொரு வங்கியிலும் இதே கதை. ஃபட்கா என்ற அமெரிக்கச் சட்டப்படி எங்களைப் போன்ற அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகள் ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித் துறைக்கு) போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டுமே, அந்த எரிச்சலோ என்னவோ!

பாஸ்போர்ட்டை ஜார்ஜிய மொழியில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கினேன். டபிள்யூ-9 படிவம் (அமெரிக்க வரி எண்ணைத் தெரிவிப்பது), சோஷியல் செக்யூரிட்டி எண், பென்ஷன் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரம்மா வாடகையை இங்குள்ள கணக்கிலிருந்துதான் போடச் சொல்கிறார். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கட்டணம்.

குடியிருப்பு அனுமதி அட்டை இல்லாமல் சமீபத்தில் இங்கே கணக்குத் திறந்த அமெரிக்கர்கள் யாராவது இருந்தால், எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள்?