இன்ஷூரன்ஸ் பிரீமியமும் ஆஸ்பத்திரி பில்லும்: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டு மெடிக்ளைம் பாலிசியைப் புதுப்பிக்க நோட்டீஸ் வந்துவிட்டது. போன தடவை வரியோடு சேர்த்து 31,000 ரூபாய் கட்டினோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது என்றதும், இந்த முறை கிட்டத்தட்ட ஐந்தாயிரம் ரூபாய் குறையும் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். வந்திருப்பது 36,400. வரி இல்லாமலேயே இவ்வளவு. வியாசர்பாடி லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 56 வயதாகிவிட்டது, அதனால் அடுத்த வயதுப் பிரிவு என்கிறார் ஏஜென்ட். குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதுதான் கணக்காம்.

அதைவிட மனசு ஆறாதது ஆஸ்பத்திரி பில். அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஐந்து லட்ச ரூபாய் பாலிசி, ரூம் வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000. அட்மிஷனில், "அந்த ரூம் காலி இல்லை, 8,000 ரூபாய் ரூம்தான் இருக்கு, வித்தியாசத்தை மட்டும் கட்டுங்க" என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் பாஸ் ஆகியிருந்தது. அந்த வகையில் மட்டும் 80,000 பில். 50,000 வந்தது, 30,000 கையிலிருந்து போனது. அம்மாவின் வளையல் அன்றே அடகுக்குப் போனது. க்ளைம் செய்ததால்தான் பிரீமியத்தை ஏற்றிவிட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் பல வருடம் இருந்தவள். ஒருவர் க்ளைம் செய்தார் என்பதற்காக அவருக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்ற விதி இடம் கொடுப்பதில்லை. அந்த பாலிசி வைத்திருக்கும் எல்லோருடைய க்ளைமும் கூடும்போது, எல்லோருக்கும் சேர்த்து ஏற்றுகிறார்கள்.

அந்த க்ளைம் ஏன் கூடுகிறது என்றால், நீங்கள் பட்டதுதான் பதில். பல ஆஸ்பத்திரிகளில் ரூமுக்கு ரூம் ரேட் மாறும். அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ஆபரேஷன்தான். ரூம் பெரிதானால் டாக்டர் ஃபீஸும் பெரிதாகும். அதனால்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள், ரூம் வாடகையில் எட்டாயிரத்துக்கு ஐந்தாயிரம் என்ற அதே விகிதத்தில் மற்றதையும் வெட்டுகிறார்கள். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவி, டெஸ்ட் செலவு இவற்றில் அப்படி வெட்டக்கூடாது. உங்கள் பில்லில் வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

என்னை உறுத்தியது இன்னொன்று. நோயாளி வந்ததும் முதல் கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கா?" இருந்தால் டெஸ்ட் கூடும், ஒரு நாள் கூடுதலாகத் தங்க வைப்பார்கள். இன்ஷூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கட்டுப்படுத்துவது இன்ஷூரன்ஸ் கம்பெனியை. ஆஸ்பத்திரி ரேட் அதன் கையில் இல்லை. 2017-இல் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது, நல்ல காரியம். ஆனால் ரூமுக்கும் தியேட்டருக்கும் அப்படி ஒரு உச்ச விலை இல்லையே!

காசிமேட்டிலிருந்து:

அக்கா சொல்வது சரி. எங்கள் வீட்டுக்காரருக்குக் கயிறு இழுக்கும் விஞ்சில் கை மாட்டியபோது நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். கை அறுவைக்கு அங்கே தனித் துறையே இருக்கிறது, வடசென்னைப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், ஆனால் விரலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு; ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கும் வீட்டுக்கு அந்த அட்டையும் இல்லை, 36,000 கட்டவும் முடியாது. இவர்கள் எங்கே போவார்கள்? அந்த வருமான வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

மணலியிலிருந்து:

60 தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. உங்கள் அப்பாவுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறதே. வேறு கம்பெனிக்கு மாற முடியாதா?

திருவொற்றியூரிலிருந்து:

மாறலாம். பழைய நோய்களுக்கு க்ளைம் கிடைக்க இதுவரை காத்திருந்த காலமும் புதிய பாலிசியில் கணக்கில் சேரும். புதிய கம்பெனி மறுக்கவும் செய்யலாம், அதனால் அங்கிருந்து பதில் வருமுன் பழையதை விட்டுவிடாதீர்கள். ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நோட்டீஸில் என்ன தேதி இருக்கிறது, தம்பி?