கணினி அறிவியலில் பி.ஏ.வா, பி.எஸ்.ஸா? வேலைக்குப் போகும்போது எது எடுபடும்?

கேள்வி:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரே துறையில் பி.ஏ.வும் (கலைப் பட்டம்) உண்டு, பி.எஸ்.ஸும் (நம்மூர் பி.எஸ்சி. மாதிரி அறிவியல் பட்டம்) உண்டு. எனக்கு மொழியியலும் சேர்த்துப் படிக்க ஆசை. அதற்கு பி.ஏ.தான் தோது, ஏனென்றால் பி.எஸ்.ஸில் கணிதமும் இயற்பியலும் போக வேறு எதற்கும் இடமே இல்லை. வீட்டில் "ஆர்ட்ஸ் டிகிரிக்கு யார் வேலை கொடுப்பார்கள்" என்று பயப்படுகிறார்கள். உண்மையிலேயே அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் எடுக்கிறார்களா?

பதில் 1:
பல வருடங்களாக நேர்முகத் தேர்வு எடுக்கிறேன், பி.ஏ. என்பதற்காக யாரையும் ஒதுக்கியதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலோடு சேர்த்துப் படித்தால் பி.எஸ்., கணினி அறிவியலைத் தனியாகப் படித்தால் பி.ஏ., ஆனால் இரண்டு தரப்பும் உட்காருவது பெரும்பாலும் ஒரே வகுப்புகளில்தான். ஆக்ஸ்போர்டில் மூன்று வருடப் படிப்புக்குக் கொடுப்பதே பி.ஏ. பட்டம்தான். அண்மையில் ஒரு பையனிடம், ஹாஷ் டேபிளில் (ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சாவிச்சொல் வைத்து, அதிலிருந்தே இடத்தைக் கணக்கிட்டுச் சேமிக்கும் அட்டவணை) இரண்டு சாவிகள் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். போர்டில் கட்டம் போட்டு, சங்கிலி மாதிரி கோத்துக் காட்டினான், அப்புறம் சங்கிலி நீண்டுகொண்டே போனால் தேடுவது மெதுவாகிவிடும், அப்போது அட்டவணையைப் பெரிதாக்கி எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும் என்று நான் கேட்காமலே சொன்னான். அவன் என்ன பட்டம் என்று எனக்கு இப்போது நினைவில்லை. முதல் வேலைக்கு இன்டர்ன்ஷிப்தான் பெரிய பலம், இரண்டாவது வேலைக்குப் பட்டத்தைப் பற்றிப் பேச்சே வராது.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் நான் பி.ஏ. முடித்தவள், பட்ட கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் இல்லை என்பதால் நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா இரண்டையும் விட்டுவிட்டேன். பிறகு மெஷின் லேர்னிங் (தரவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்ளும் துறை) பக்கம் போக ஆசைப்பட்டபோது, வேலையும் பார்த்துக்கொண்டு இரவில் உட்கார்ந்து லீனியர் அல்ஜீப்ராவில் வரும் ஐகன்வேல்யூ எல்லாம் படிக்க வேண்டியதாயிற்று, ஒரு வருடம் அதிலேயே போனது. பி.ஏ. தரும் சுதந்திரம் நல்லதுதான், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், நிகழ்தகவு இந்த மூன்றையும் விருப்பப் பாடமாகவாவது எடுத்துவிடுங்கள். மொழியியலை விடவே விடாதீர்கள், மொழியைக் கையாளும் மென்பொருளில் அந்த அறிவு உள்ளவர்கள் குறைவு.

பதில் 3:
எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. (அந்த விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் படிப்பு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்புக்கு பி.ஏ., பி.எஸ். கணக்கே இல்லை, பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சி.ஐ.பி. எண்தான் (படிப்பின் வகையைக் குறிக்கும் அரசு எண்) கணக்கு. கணினி அறிவியலுக்கு 11.0701, அது ஸ்டெம் பட்டியலில் உள்ளது. சில இடங்களில் கணினியைக் கலையோடு கலந்து புதுப் பெயரில் பட்டம் வைத்திருப்பார்கள், அதன் எண் வேறாக இருக்கலாம். சேருவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன், இரண்டு பட்டங்களுக்கும் 11.0701தான். நிகழ்தகவை இரண்டாம் வருடத் திட்டத்தில் எழுதிவிட்டேன், மொழியியலும் இருக்கிறது. பி.ஏ.வில்தான் சேரப்போகிறேன், இன்று இரவு இந்தப் பதில்களை அப்பாவிடம் வாசித்துக் காட்டுவேன்.