உவர்மலை வீட்டார் குழு

சுதா: பெரியம்மாவின்ர போனில வங்கி ஆப் திறக்குதில்லை. அப்டேட் பண்ணு எண்டுது, பண்ணப் போனா இந்தப் போனுக்குப் பொருந்தாது எண்டுது. பென்ஷன் விழுந்திட்டுதோ எண்டு காலமையில இருந்து கேக்கிறா

பாபு: திருப்பி ஓன் பண்ணிப் பாத்தனியோ

சுதா: ஓம்

கீதா (கனடா): புதுசு அனுப்புறன் எண்டு எத்தினை தரம் சொன்னனான். அண்ணாதான் தான் வாங்கிக் குடுக்கிறன் எண்டவர்

பாபு: அந்தக் கதை இப்ப ஏன்

பெரியம்மா: எனக்குப் புதுப் போன் வேண்டாம்

சிவம் மாமா: பிள்ளையள், அக்காவின்ர போனில ஒரு பழுதும் இல்லை. நேற்றும் கையில எடுத்துப் பாத்தன். பட்டரி இரவு வரைக்கும் நிக்குது, கண்ணாடியில கீறல் இல்லை, கதைச்சா குரல் கணீரெண்டு கேக்குது. அந்த மொடலுக்குப் புது அன்ரொயிட் குடுக்கிறதைக் கம்பனி விட்டிட்டுது. பழைய அன்ரொயிட்டில பாதுகாப்பு ஓட்டை இருக்கு எண்டு வங்கி கதவைச் சாத்துது. வங்கி சொல்லுறதில நியாயம் இருக்கு. ஆனா ஓட்டையை அடைக்க வேண்டியது வித்தவன். இத்தாலியில 2018இல அப்டேட்டால போன் மந்தமாப் போனதுக்கு அப்பிளுக்கு 1 கோடி யூரோ, சம்சுங்குக்கு 50 லட்சம் யூரோ தண்டம் போட்டவை. ஐரோப்பாவில 2025 ஜூன் 20இல இருந்து சந்தைக்கு வாற மொடலுக்கு, விற்பனை நிண்டு குறைஞ்சது 5 வருசத்துக்கு அப்டேட் குடுக்கவேணும் எண்டு சட்டம். எங்களுக்கு அப்பிடிக் கேக்க ஆர் இருக்கினம்?

தேவன்: என்ர லப்டொப்பும் உதே கதைதான் மாமா. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட் முடிஞ்சுது. சிப் பழசு, இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 போட விடுதில்லை. டியூசன் பேப்பர் முழுக்க அதிலதான்

சிவம் மாமா: எறிஞ்சு போடாதையும். விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடலாம், அதுக்குக் காசில்லை

தேவன்: பாமினி தமிழ் ஃபொன்ட் வருமோ

சிவம் மாமா: ஃபொன்ட் பைலைப் போட்டா வரும். முதல் எல்லாத்தையும் பென் டிரைவில எடும்

ரதி மாமி: வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்கு ஆர் வாறியள்? பூ சொல்லவேணும்

சுதா: நான் வாறன் மாமி

பாபு: போனை ரீசெட் அடிச்சுப் பாப்பமோ

பெரியம்மா: தொடாதை. அப்பா கதைச்சது எல்லாம் அதுக்குள்ள கிடக்கு

கீதா (கனடா): ஐயோ ஒருத்தரும் ரீசெட் அடியாதேங்கோ. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து அப்பா அனுப்பின வொயிஸ் எல்லாம் எனக்கும் வேணும்

பாபு: சரி சரி

சிவம் மாமா: அதைத்தான் முதல் காப்பாத்தவேணும். தேவன், போனைக் கேபிளில கொழுவி லப்டொப்புக்கு எடுத்துப் போடும். பென்ஷனுக்கு அக்கா வங்கிப் புத்தகத்தோட கிளைக்குப் போகட்டும், காசு விழுந்தா எஸ்எம்எஸ் வாற மாதிரி எழுதிக் குடுக்கலாம்

தேவன்: நாளைக்கு டியூசன். ஞாயிறு பாப்பம்

ரதி மாமி: தாமரையோ மல்லிகையோ?

சுதா: தாமரை. வங்கிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?

பாபு: எனக்குத் திங்கள் கிண்ணியாவில வேலை

கீதா (கனடா): எப்பவும் வேலைதான்

சிவம் மாமா: நான் வாறன். அக்கா, எத்தினை மணிக்கு?

சுதா: படுத்திட்டா மாமா. காலமை கேட்டுச் சொல்லுறன்