ராம்ஸ்டைனில் முதல் வருடம், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல்

நீலப்பெட்டி:

வணக்கம். என் கணவர் அமெரிக்க விமானப்படையில் இருக்கிறார். ஜெர்மனியில் உள்ள ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. அதில் என் பெயரும் நான்கு வயது மகளின் பெயரும் சேர்ந்திருப்பதால் நாங்களும் கூடவே போகிறோம். இதுவரை அமெரிக்காவுக்குள்ளேயே இரண்டு தளம் மாறியிருக்கிறோம். வெளிநாட்டு வாசம் எனக்கு இதுதான் முதல் தடவை.

போய்ச் சேர்ந்து, வீடு பிடித்து, மூட்டை பிரிப்பதற்குள் அவர் டிப்ளாய்மென்டுக்கு, அதாவது குடும்பத்தை விட்டு வேறு இடத்தில் பல மாதப் பணிக்கு, கிளம்ப வேண்டியிருக்கும். [கிளம்பும் தேதியும் படைப்பிரிவின் பெயரும் நீக்கப்பட்டன – நிர்வாகி] அதற்குப் பிறகு பல மாதம் நானும் மகளும் மட்டும்தான். ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தளத்துக்குள்ளேயே வீடு கேட்கலாமா, வெளியே கிராமத்தில் எடுக்கலாமா? அவர் போவதற்குள் என்னென்ன முடித்து வைக்க வேண்டும்?

இன்னொன்று. ஊர் சுற்றிப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அவர் இல்லாத சமயத்தில் குழந்தையோடு எங்கும் போக வேண்டாம், அவர் திரும்பி வந்ததும் சேர்ந்தே போய்க்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீடு:

தேதியை நீக்கிய நிர்வாகிக்கு நன்றி. அவர் கிளம்பும் நாள், பிரிவு, போகும் இடம், திரும்பும் விமானம், இவற்றை எந்தப் பொது இடத்திலும் எழுதாதீர்கள். அவருடைய பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் நீங்களும் குழந்தையும் தனியாக இருப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவர் தரைப்படை. மூன்று வருடத்துக்கு என்று வந்து, நீட்டிப்பு வாங்கி ஐந்து வருடம் லான்ட்ஸ்டூலில் இருந்தோம். ராம்ஸ்டைனுக்கு அடுத்த ஊர், ராணுவ மருத்துவமனை இருக்கும் இடம். அந்த ஐந்து வருடத்தில் அவர் இரண்டு தடவை போனார், கூட்டினால் பதினைந்து மாதம். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் காகித வேலை. அவர் கிளம்புவதற்குள் இருவரும் தளத்தின் சட்ட அலுவலகத்துக்குப் போய் அதிகாரப் பத்திரம் (அவர் சார்பில் நீங்கள் கையெழுத்துப் போட அனுமதிக்கும் பத்திரம்) எழுதி வாங்கிவிடுங்கள். கட்டணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பத்திரம் போதும் என்று நினைக்காதீர்கள். வண்டிக்கு ஒன்று, வீட்டு ஒப்பந்தத்துக்கு ஒன்று, சாமான் அனுப்பவும் வாங்கவும் ஒன்று, வரிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். எங்கள் கார் அவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தது. அவர் போன மூன்றாவது மாதம் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. எல்லா காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கையிலிருந்த பொதுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த பெண், இதில் வண்டியைப் பற்றிக் குறிப்பாக ஒன்றும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதுப் பத்திரம் அவர் இருந்த இடத்திலிருந்து எழுதிக் கையெழுத்தாகி வந்து சேரப் பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் கார் வாசலில் நின்றது, நான் ரயிலில் போனேன். இப்போது யோசித்தால், அந்தப் பதினேழு நாள்தான் என்னை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டுநர் உரிமத்தையும் வந்த வாரமே எடுத்துவிடுங்கள். அமெரிக்கப் படையினருக்கென்று தனி எழுத்துத் தேர்வு உண்டு. அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. கிராமத்துத் தெருக்களில் சின்னச் சந்திலிருந்து ஒரு டிராக்டர் நிதானமாக வந்து நுழையும், அதற்கு நாம் நின்றாக வேண்டும். இது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

வீடு பற்றி. நான் வெளியே எடுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஜெர்மன் வாடகை வீட்டில் துணி அலமாரி சுவரோடு இருக்காது, சில வீட்டில் விளக்குகூட இருக்காது, கூரையிலிருந்து வெறும் வயர் தொங்கும். பயப்படாதீர்கள். அலமாரி, வாஷிங் மெஷின், டிரையர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தளத்தில் இரவலாகத் தருவார்கள். அங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை ஊசலாடுகிறது என்ற கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. என் படுக்கை ஓரத்தில் இருந்த பழைய மின்கடிகாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினேன், ஓடியது. மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது! இரவு பத்து மணிக்குச் சரி செய்து வைத்தால் காலை ஆறுக்கு அது நாலே முக்காலைக்கூடத் தாண்டியிருக்காது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கடிகாரம் 50-இல் அப்படித்தான் ஓடும். அவர் போன முதல் வாரம் தூக்கம் வராமல் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இரவு நீளமாகிக்கொண்டே போவது போல் இருந்தது. எட்டாம் நாள் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார், எழுபது வயதிருக்கும். ஆங்கிலம் பத்து வார்த்தை பேசுவார். நான் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலே இருந்ததில் குளியலறை மூலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. அவர் மாடியேறி வந்து, கோபப்படாமல், என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் கைப்பிடி மேல் வைத்தார். கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு. பக்கவாட்டில் திருப்பினால் கதவு போல் திறக்கும். மேலே திருப்பினால் ஜன்னலின் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். மூன்றையும் என் கையாலேயே செய்ய வைத்தார். காலையில் பத்து நிமிடம் முழுக்கத் திற, அப்புறம் மூடு என்று கடிகாரத்தைக் காட்டினார். குப்பையைப் பிரிப்பதும் அவரிடம் கற்றதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, துளையிடும் சத்தம், புல்வெட்டும் சத்தம் கூடாது, கண்ணாடிப் பாட்டிலைத் தெருவோரப் பெட்டியில் போடுவதுகூடக் கூடாது. தளத்துக்குள் இருந்திருந்தால் எனக்கு இந்த அம்மா கிடைத்திருக்க மாட்டார். என் மகனுக்குக் காய்ச்சல் அடித்த இரவில் நான் முதலில் போய்த் தட்டியது அவர் கதவைத்தான்.

இனி ரயில். கார் இல்லாத அந்த நாட்களில் முதலில் லான்ட்ஸ்டூலிலிருந்து பக்கத்து நகரமான கைசர்ஸ்லாவ்டர்ன் வரை எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் போய் வந்தேன், அவ்வளவுதான். மறுநாள் அதே பாதையில் இன்னும் நான்கு நிலையம். அப்புறம் ஸ்பையர், அங்கே ஒரு பேராலயம் இருக்கிறது, 1981-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்றாவது வாரம் துணிந்து கோப்லென்ஸ். மோசல் நதி ரைனில் கலக்கும் முனையில் மகன் ஒரு மணி நேரம் படகுகளை எண்ணினான்.

திரும்பும்போது மோசல் கரையோரமாகவே வண்டி வந்தது, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்த ரயில் ட்ரியரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஸார்ப்ரூக்கன் வழியாக நம் பக்கம் வரும், இன்னொரு பாதி லக்சம்பர்க் போய்விடும். அறிவிப்பு ஜெர்மனில் சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. ஒரு நிலையத்தில் இறங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் வேறு நாடு. இருட்டிவிட்டது, பையன் தோளில் தூங்குகிறான். கை நடுங்கியது. ஆனால் பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது, போனில் சார்ஜ் இருந்தது, பணம் இருந்தது. நடைமேடையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் அடுத்த வண்டியைக் காட்டினாள். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வீடு வந்து சேர்ந்தோம். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது, இந்த நாட்டில் இனி எனக்கு எதுவும் வந்துவிடாது என்று உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அவர் திரும்பி வந்தபோது கோப்லென்ஸுக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதனால் காத்திருக்காதீர்கள். மூன்று வருட உத்தரவில் பல மாதம் அவர் இல்லாமலே போய்விடும். வந்த பிறகும் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் மனநிலையில் இருக்க மாட்டார், வீட்டிலேயே இருக்கத்தான் ஆசைப்படுவார். பாரிஸை வேண்டுமானால் சேர்ந்து பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், கைசர்ஸ்லாவ்டர்னிலிருந்து நேர் வண்டியில் இரண்டரை மணி நேரம்தான். பக்கத்து ஊர்களை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ரோட்டாக்காற்று:

மாடிவீடு சொன்னதில் வீடு விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் அங்கே இருந்தவள்தான். எனக்குக் கைக்குழந்தை, அவர் இல்லை, தளக் குடியிருப்பில் இருந்தேன். எதிர்வீடு, பக்கத்து வீடு, மேல்வீடு எல்லாவற்றிலும் என்னைப் போலவே யாராவது தனியாக இருந்தார்கள். சாயங்காலம் ஆனால் குழந்தைகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். யாருடைய வீட்டில் செய்தி வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். அது எனக்குப் பெரிய பலம். நல்ல வீட்டுக்கார அம்மா எல்லோருக்கும் வாய்க்க வேண்டுமே!

பயணம் பற்றி ஒரு எச்சரிக்கை. ராம்ஸ்டைனிலிருந்து ராணுவ விமானத்தில் காலியிடம் இருந்தால் இலவசமாகப் போகலாம், ஸ்பேஸ்-ஏ என்பார்கள். கணவர் டிப்ளாய்மென்டில் இருந்தால் மனைவி தனியாகவும் போகலாம், அதற்குக் கணவரின் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். பெயர் பதிந்தால் 60 நாள் வரை பட்டியலில் இருக்கும். நானும் குழந்தையும் ஸ்பெயினில் ரோட்டா கடற்படைத் தளத்துக்கு அப்படிப் போனோம். போவது சுலபமாக இருந்தது. திரும்புவதற்கு நான்கு நாள் தினமும் பெட்டியோடு முனையத்துக்குப் போய்ப் பெயர் கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்தோம். கடைசியில் செவில் போய்ப் பணம் கொடுத்து ஃபிராங்க்பர்ட்டுக்கு டிக்கெட் வாங்கினேன். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் கையில் இல்லாமல் ஸ்பேஸ்-ஏ போகவே கூடாது.

நீலப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. ராத்திரி இரண்டு தடவை படித்தேன், அவரையும் படிக்க வைத்தேன். அதிகாரப் பத்திரம் பற்றி எங்களுக்கு யாருமே சொல்லவில்லை அக்கா.

இன்னும் மூன்று சந்தேகம். மகளை அங்கே எந்தப் பள்ளியில் விடுவது? பாஸ்போர்ட் இரண்டு வேண்டும் என்கிறார்களே, அது என்ன? அப்புறம், கேட்கவே சங்கடமாக இருக்கிறது, எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

மாடிவீடு:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கேட்டதில் சங்கடமே வேண்டாம், கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் அவசரச் செய்திச் சேவை இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும். நீங்களோ ஊரிலிருக்கும் உறவினரோ அவர்களிடம் சொன்னால், மருத்துவமனையில் விசாரித்து உறுதி செய்துகொண்டு அவருடைய அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்புவார்கள். அவருடைய முழுப்பெயர், பதவி, பிறந்த தேதி, பிரிவு இவற்றை ஒரு தாளில் எழுதி உங்களிடமும், இரு வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். என் மாமனார் மருத்துவமனையில் சேர்ந்தபோது அந்தத் தாள் என் நாத்தனார் கையில் இருந்தது. நாத்தனார் ஊரிலிருந்தே செஞ்சிலுவைச் சங்கத்திடம் பேசிவிட்டார், எனக்குத் தெரிவதற்கு முன்பே என் கணவருக்குத் தெரிந்துவிட்டது.

பாஸ்போர்ட்: உத்தரவோடு கட்டணமில்லாமல் தருவது ஒன்று, ஜெர்மனிக்குள் வந்து வசிப்பதற்கு. நேட்டோ நாடுகள் 1951-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நாம் அங்கே இருக்கிறோம் என்று அதில் முத்திரையோ தாளோ சேர்ப்பார்கள். ஊர் சுற்றுவதற்குச் சாதாரணப் பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், மகளுக்கும் சேர்த்து. வெளியே கிளம்பும்போது நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன்.

பள்ளி: தளத்திலும் குழந்தைகள் காப்பகம் உண்டு. வெளியே வீடு எடுத்தால் கிராமத்து ஜெர்மன் மழலையர் பள்ளியைக் கேளுங்கள். ராம்ஸ்டைன் இருக்கும் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே வீடு முடிவான அன்றே பெயர் கொடுங்கள். மழையிலும் வெளியே விளையாட விடுவார்கள். ரப்பர் பூட்ஸும் மழைக்கால்சட்டையும் வாங்கி வையுங்கள்.

ரோட்டாக்காற்று சொன்னதையும் யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையாக இருந்தால் நானும் ஒருவேளை தளத்துக்குள்ளேயே இருந்திருப்பேன். அப்புறம் அவசர எண்கள்: 112 ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும், 110 போலீஸுக்கு. எங்கே இருந்தாலும் இரண்டையும், வீட்டு முகவரியை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்பதையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நீலப்பெட்டி:

சட்ட அலுவலகத்தில் வியாழக்கிழமை நேரம் வாங்கிவிட்டோம், நான்கு பத்திரத்துக்கும். அவர் கிளம்பிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை மகளோடு எங்காவது போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் தடவைக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் சொல்லுங்கள் அக்கா.

மாடிவீடு:

நான்ஸ்டைன் கோட்டை. லான்ட்ஸ்டூல் ஊருக்கு மேலேயே, காட்டுக்குள் ஏறினால் வந்துவிடும். சிவப்பு மணற்கல்லில் கட்டி இடிந்து நிற்கும் கோட்டை. ஃபிரான்ஸ் ஃபொன் ஸிக்கிங்கன் என்ற வீரர் 1523-இல் பீரங்கி முற்றுகையில் காயம்பட்டு அங்கேதான் இறந்தார். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, தள்ளுவண்டி சரிப்படாது, மகள் நடந்துவிடுவாள். மேலே போனால் ராம்ஸ்டைன் பக்கம் பெரிய சாம்பல் நிற விமானங்கள் இறங்குவது தெரியும். என் மகன் ஒவ்வொன்றையும் பார்த்து அப்பா அதிலா என்று கேட்பான். இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுப்பேன். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். அந்தக் காசை மகள் கையில் கொடுங்கள்.